பிசகிய கணுக்காலோடு ஓட்டம், சைக்கிள், துடுப்பு மூன்றும் முடியுமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தை மாதக் கடைசியில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சாகசப் போட்டி, நான்கு பேர் ஒரு அணி. பாமணியாற்றுக் கரையில் 15 கி.மீ. ஓட்டம், அப்புறம் 50 கி.மீ. சைக்கிள், கடைசியாக முத்துப்பேட்டை லகூனில் 8 கி.மீ. துடுப்பு, நால்வரும் சேர்ந்தே முடிக்க வேண்டும். பத்து நாளைக்கு முன் பயிற்சியில் வரப்பிலிருந்து இறங்கும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது, முழங்காலிலும் நல்ல சிராய்ப்பு. இப்போது வீக்கம் முக்கால்வாசி வற்றிவிட்டது, நடந்தால் வலி இல்லை. போட்டிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது, போகலாமா, ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாமா என்பது கேள்வி.

தம்பி, பெயரை இப்போதே எடுக்க வேண்டாம். சைக்கிளுக்கும் துடுப்புக்கும் அந்தக் கால் அநேகமாகத் தயாராகிவிடும். ஓட்டத்துக்கு ஆகுமா என்பதைப் போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் அதே ஆற்றங்கரையில் ஓடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதுவரை யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அது ஊகம்தான். ஊசி வேண்டவே வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன். நான் தஞ்சாவூரில் பிசியோதெரபி பார்க்கிறேன், கபடி ஆடுகிறவர்கள், போலீஸ் தேர்வுக்கு ஓடுகிறவர்கள் என்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எங்களிடம் ஏராளம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டீர்களா? நடக்க முடிகிறது என்பதாலேயே முறியவில்லை என்று ஆகிவிடாது. கனடாவின் ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1992-ல் வெளியிட்ட ஒரு எளிய விதி இருக்கிறது, உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் இன்றைக்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கிற எலும்பு இருக்கிறதல்லவா, அதன் பின்விளிம்பை நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு, அதற்கு நேர் எதிரே உள்பக்கத்தில் இருக்கும் எலும்பு. இந்த இடங்களில் எலும்பின் மேலேயே வலி இருந்தாலோ, அடிபட்டபோதும் பிறகு டாக்டர் பார்த்தபோதும் நாலு அடி எடுத்து வைக்க முடியாமல் இருந்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். பத்து நாள் கழித்தும் அழுத்தினால் எலும்பில் வலிக்கிறது என்றால் போட்டியைப் பற்றிய பேச்சே அப்புறம்தான்.

முறிவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். பாதம் உள்பக்கம் மடங்கும்போது பெரும்பாலும் அடிபடுவது வெளிப்பக்கக் கணுக்காலுக்கு முன்னால் இருக்கும் ஒரு சின்னத் தசைநார். லேசாக இழுபட்டிருந்தால் ஒன்று முதல் மூன்று வாரம், பாதி கிழிந்திருந்தால் மூன்று முதல் ஆறு வாரம், முழுதாக அறுந்திருந்தால் மாதக்கணக்கு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் எங்கோ இருக்கிறீர்கள், போட்டி வரும் நாள் இருபத்தாறாவது நாள். அதாவது தேதி உங்களுக்குச் சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை. வலி போய்விடுவதற்கும் நார் பழைய பலத்துக்கு வருவதற்கும் இடையில் பெரிய இடைவெளி உண்டு, வலி இரண்டு வாரத்தில் போகும், நார் முழுசாகப் பக்குவப்பட மாதங்கள் ஆகும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, நம் ஊர்ப் பையன்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதே இல்லை. அந்த நாருக்குள் நரம்பு நுனிகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நொடிக்கு நொடி மேலே தகவல் அனுப்புவது அவற்றின் வேலை. கல்லில் கால் பட்டுச் சாயத் தொடங்கியதும் நீங்கள் யோசிப்பதற்குள் வெளிப்பக்கத் தசைகள் இழுத்து நிமிர்த்துகின்றனவே, அது இந்தத் தகவலால்தான். நார் கிழியும்போது இதுவும் பழுதாகிறது. நடப்பதற்கு வலி இல்லாத கால், சறுக்கும்போது தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளத் தெரியாத காலாக இருக்கலாம். ஒரு தடவை மடங்கிய கணுக்கால் திரும்பத் திரும்ப மடங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஆகவே வலிக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, சறுக்கினால் கால் தானாகச் சுதாரிக்கிறதா என்று கேளுங்கள்.

அதைச் சோதிக்கத் தரைதான் கருவி. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலில் மட்டும் நில்லுங்கள், அரை நிமிஷம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு. இடது காலில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்களோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் வலதிலும் நிற்க வேண்டும். அடுத்து சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள், பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே போய் எவ்வளவு தூரம் வரை தொட முடிகிறது என்று பாருங்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் மூட்டு இன்னும் இறுகியிருக்கிறது, இறங்குமுகத்தில் அது உங்களைத் தள்ளிவிடும். ஒற்றைக்காலில் நுனிவிரலில் எழும்பி இறங்குவது இருபது தடவையாவது வர வேண்டும். இவ்வளவும் வந்தபிறகுதான் ஒற்றைக்காலில் தாவுவது, முன்னே, பக்கவாட்டில், குறுக்கே. தாவி இறங்கும்போது வலியைவிட பயத்தைக் கவனியுங்கள். கால் ஊன்றுவதற்கு முன்னால் உடம்பு தயங்கினால் அந்தக் கால் இன்னும் தயாராகவில்லை, அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

பதினாறு நாளை எப்படிச் செலவழிப்பது? மூச்சுக்கும் தொடைக்கும் சைக்கிள் போதும், இன்றைக்கே ஆரம்பிக்கலாம், சமதளத்தில், குறைந்த கியரில். கணுக்காலுக்குப் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி, ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமாக இழுங்கள். வெளிப்பக்கத் தசை வலுவாவதற்கு இதைவிட மலிவான சாமான் கிடையாது. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், அது சுலபமானதும் மடித்த பாயின் மேல், அதற்கும் பிறகு தலையணை மேல், யாராவது பந்தைத் தூக்கிப் போட நீங்கள் பிடிக்க வேண்டும். ஓட்டத்தை ஹரித்ரா நதியைச் சுற்றித் தொடங்குங்கள், தெப்பக்குளத்தைச் சுற்றிச் சமமான ரோடு, வேண்டாம் என்று தோன்றினால் எங்கே இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். முதல் நாள் இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றி. ஓடும்போது பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பரவாயில்லை. ஆனால் தீர்ப்பு மறுநாள் காலையில்தான் இருக்கிறது. எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது முந்தைய நாளைவிட இறுக்கமாக இருந்தாலோ, வெளிப்பக்கக் குழி மறைந்து வீங்கியிருந்தாலோ, அன்று ஓட்டம் கிடையாது, டியூப் பயிற்சி மட்டும்.

வீட்டில் உப்பும் புளியும் கரைத்துக் கொதிக்க வைத்துப் பற்று போட்டிருப்பார்கள். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் சூடு கூடாது, வீக்கத்தைக் கூட்டும். பத்து நாள் கழித்து அந்த வெதுவெதுப்பு இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அது நாரைப் பலப்படுத்தாது. சுளுக்கு எடுக்கிறேன் என்று எண்ணெய் போட்டு வெடுக்கென்று இழுக்கிறவரிடம் மட்டும் தயவுசெய்து காலைக் கொடுக்காதீர்கள். கிழிந்து ஆறிக்கொண்டிருக்கும் நாரை அது மறுபடி இழுக்கும்.

போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் ஆற்றங்கரைக்குப் போங்கள். தை மாதக் கடைசியில் பாமணியாற்றுக் கரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சம்பா அறுவடை முடிந்திருக்கும், அறுக்கும் மெஷினும் டிராக்டரும் ஈரத்தில் போட்ட தடம் காய்ந்து கல்லாகக் கிடக்கும், அதன்மேல் வைக்கோல் மூடியிருக்கும், பள்ளம் எது மேடு எது என்று தெரியாது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், காலையில் கரைப்புல் முழுக்க நனைந்திருக்கும், எட்டு மணி வரை களிமண் வழுக்கும். தடம் சரியில்லை என்று வயலில் இறங்கி ஓடலாம் என நினைக்காதீர்கள். அறுப்புக்கு முன்னாலேயே தெளித்த உளுந்தும் பயறும் அங்கே முளைத்திருக்கும், ஒரு குடும்பத்தின் அடுத்த வருமானம் அது.

கரைச்சரிவில் ஒரு விஷயம் கவனியுங்கள். சரிவான தரையில் குறுக்கே போகும்போது பள்ளப்பக்கம் இருக்கும் பாதம்தான் உள்பக்கமாகச் சாயும், அதாவது நீங்கள் அடிபட்ட அதே திசையில். மேட்டுப்பக்கம் இருக்கும் பாதம் எதிர்ப்பக்கம் சாயும், அந்த நாருக்கு அதில் சிரமம் இல்லை. உங்களுக்கு வலது கால் என்பதால் சரிவு எப்போதும் உங்கள் இடது கைப்பக்கம் இறங்குகிற மாதிரி ஓடுங்கள். நடு உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற கரை என்றால் இடது ஓரம் உங்களுடையது, வலது ஓரம் ஆபத்து. நண்பர்களோடு பேசிக்கொண்டே ஓடும்போது இது மறந்துபோகும், முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வையுங்கள். அந்தச் சோதனை நாளில் ஐந்து கி.மீ. கரையில் ஓடி, மறுநாள் காலை கால் சாதாரணமாக இருந்தால் ஓட்டத்துக்கும் போகலாம், வேகம் உங்களுடையதாக இருக்கட்டும். இல்லையென்றால் நடத்துகிறவர்களிடம் நேராகப் பேசுங்கள், ஓட்டத்தை மூன்று பேர் முடித்து சைக்கிளில் நான்காவதாக நீங்கள் சேர அனுமதிப்பார்களா என்று. நண்பர்கள் நடத்தும் போட்டி, தரவரிசையில் சேர்க்காமல் ஓட விடுவார்கள். நியூசிலாந்தில் 1983-ல் தொடங்கிய கோஸ்ட் டு கோஸ்ட் போட்டியிலேயே இரண்டு பேர் பகுதிகளைப் பிரித்துக்கொண்டு செய்யும் பிரிவு உண்டு, அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கணுக்காலுக்கு நீள டேப்பைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஓடத் தொடங்கி அரை மணி நேரத்தில் அதன் பிடி தளர்ந்துவிடும், நனைந்தால் இன்னும் சீக்கிரம். கயிறு போட்டு இறுக்கும் வகை கணுக்கால் பட்டை வாங்குங்கள், ஏற்கனவே மடங்கிய கணுக்கால் மறுபடி மடங்குவதை அது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உள்ளே மெல்லிய சாக்ஸ், இன்றிலிருந்தே போட்டுப் பழகுங்கள், போட்டியன்று புதிதாகப் போட்டால் கொப்புளம்தான். சாதாரண கிரேப் பேண்டேஜ் இதற்குப் போதாது.

சைக்கிளில் கால் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, ஒன்றைத் தவிர. பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூ வைத்திருந்தால் அதை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அதிலிருந்து விடுபடக் குதிகாலை வெளியே திருப்ப வேண்டும், அந்தத் திருகல் சரியாக அடிபட்ட நாரின் மேல்தான் விழும். போதாக்குறைக்கு இந்த மாதத்தில் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். தார் ரோட்டில் பரவிக் கிடக்கும் நெல்மணியின் மேல் சைக்கிள் சக்கரம் ஏறினால் பிரேக் பிடித்தும் பயன் இல்லை, சட்டென்று கால் ஊன்ற வேண்டியிருக்கும். சாதாரணத் தட்டைப் பெடல், இடது காலை முதலில் ஊன்றும் பழக்கம், இரண்டும் இருந்தால் போதும்.

துடுப்புப் பகுதியில் படகில் உட்கார்ந்திருக்கும் நேரம் சுகம்தான், கைக்கும் முதுகுக்கும்தான் வேலை, பாதத்தால் லேசாக உந்தினால் போதும். சிக்கல் ஏறும்போதும் இறங்கும்போதும். ஜாம்பவானோடைப் பக்கம் படகேறியவர்களுக்குத் தெரியும், லகூன் ஆழம் குறைவு, தண்ணீர் வற்றிய நேரத்தில் படகு தட்டிவிடும், இறங்கித் தள்ள வேண்டும், கால் முழங்கால் வரை சேற்றில் போகும். சேற்றில் மாட்டிய பாதத்தைத் திருகி இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, குதிகாலை முதலில் மெதுவாக நேர்மேலே தூக்குங்கள், காற்றுப் புகுந்ததும் பிடி விடும். அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே விரல் மாதிரி குத்திட்டு நிற்கும், வெறுங்காலோடு இறங்கவே இறங்காதீர்கள். அணியில் இறங்கித் தள்ளுகிற வேலை மற்ற மூவருடையது, நீங்கள் படகிலேயே இருங்கள் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வலி ஊசிக்கு வருகிறேன். டைக்ளோபீனாக் ஊசியோ இபுப்ரோபென் மாத்திரையோ இரண்டு வகையில் கெடுதல். ஒன்று, கால் அனுப்பும் எச்சரிக்கையை அது அமுக்கிவிடும், நீங்கள் கேட்க வேண்டிய ஒரே செய்தி அது. இரண்டாவது பெரியது. மணிக்கணக்கில் வெயிலில் ஓடி உடம்பு வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கனவே குறைந்திருக்கும், இந்த மருந்துகள் அதை இன்னும் குறைக்கும். 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 80 கி.மீ. ஓடியவர்களில் பாதிப் பேருக்கு இபுப்ரோபெனும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 52 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி தெரிந்தது, மற்றவர்களில் 34 பேருக்கு. உங்கள் தூரம் குறைவுதான், ஆனாலும் ஊசி போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் இருக்கும் கால் ஓடக் கூடாத கால்.

அணியைப் பற்றி ஒரு வார்த்தை. 1989-ல் நியூசிலாந்தில் நடந்த முதல் ரெய்ட் கோலுவாஸிலிருந்தே இந்த வகைப் போட்டிகளின் அடிப்படை அணி சேர்ந்தே போவதுதான். ஒருவர் நொண்டினால் அவர் பையை இன்னொருவர் சுமப்பார், சைக்கிளில் ரப்பர் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள், அது சகஜம். ஆகவே மூன்று பேரையும் உட்காரவைத்து காலின் உண்மை நிலையைச் சொல்லுங்கள், உங்கள் பை யாரிடம், வரைபடம் யாரிடம் என்று முடிவு செய்யுங்கள். காலுக்கு வேலை குறைவு என்பதால் வழி பார்க்கும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். எந்த நிலையில் நிறுத்துவது என்பதையும் இப்போதே பேசுங்கள். இரண்டாவது தடவை கால் மடங்கினால், வலி இல்லாவிட்டாலும், அங்கேயே ஓட்டம் முடிந்தது. அதைச் சொல்லும் அதிகாரத்தை அணியில் நிதானமான ஒருவரிடம் கொடுங்கள், நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். பந்தயச் சூட்டில் இருக்கிறவனுக்குத் தன் கால் தெரியாது. கரையில் எந்தெந்தப் பாலத்துக்கு வண்டி வந்து ஏற்றிக்கொள்ள முடியும் என்று முந்தின நாளே குறித்து வையுங்கள்.

கணுக்காலைப் பற்றி இவ்வளவு கேட்டீர்கள், முழங்கால் சிராய்ப்பை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. 2000-ல் மலேசியாவின் சபாவில் ஈகோ சேலஞ்ச் போட்டி நடந்தது. 26 நாடுகளிலிருந்து 304 பேர். காடு, சேறு, ஆற்றில் நீச்சல், துடுப்பு எல்லாம். போட்டி முடிந்து ஊருக்குத் திரும்பியபின் ஒவ்வொருவராகக் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். விசாரித்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன, 29 பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று, நல்லவேளை யாரும் சாகவில்லை. அங்கே ஓடிய செகாமா ஆற்றில் நீந்தியதுதான் காரணம் என்று முடிவாயிற்று. எலி, மாடு, பன்றியின் சிறுநீரில் இருக்கும் கிருமி தண்ணீரிலும் சேற்றிலும் கலந்து, தோலில் இருக்கும் கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகிறது. எலி நிறைந்த நெல்வயல், மாடு இறங்கும் வாய்க்கால், மேட்டூர் மூடியபின் ஆற்றில் தேங்கி நிற்கும் குட்டைத் தண்ணீர், நம்மிடம் எதற்குக் குறைவு?

போட்டி நாளுக்குள் சிராய்ப்பு முழுக்க ஆறி, பொருக்கு தானாக உதிர்ந்து புதுத்தோல் வந்திருந்தால் கவலை இல்லை. பொருக்கைப் பிய்க்காதீர்கள். இன்னும் ஈரம் கசிந்தால் துடுப்புப் பகுதியிலும் சேற்றிலும் இறங்க வேண்டாம், பிளாஸ்திரி ஒட்டினால் பத்து நிமிஷத்தில் பிரிந்துவிடும், தண்ணீர் புகாத ஒட்டும் உறையும் சேற்றில் உராய்ந்தால் தாங்காது. டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள், ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள், அந்த ஊசியைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சபாவில் முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாகவே வந்தது. அதை நீங்களாக மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடாமல், எந்த ஆற்றில் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

அப்புறம் ஒரு மாதம் வரை உடம்பைக் கவனியுங்கள், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். திடீர்க் காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் சிவப்பு, கெண்டைக்காலில் தொட முடியாத வலி. பந்தயம் ஓடிய அலுப்பு என்று கெண்டைக்கால் வலியைத் தள்ளிவிட எல்லாருக்கும் தோன்றும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய், லகூனிலும் வாய்க்காலிலும் இறங்கியிருந்தேன், முழங்காலில் புண் இருந்தது என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மற்ற மூவரிடமும் இதையே சொல்லி வையுங்கள், அவர்களுக்கும் முள் கீறல் இல்லாமல் இருக்காது.